ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: மழைக்காலத்துக்கு முன் வாங்கி வைக்கலாமா?

கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டுக்கு என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் டார்ச்சுக்கும் மெழுகுவத்திக்கும் முன்னால் நான் சொல்வது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான், பேதியில் உடம்பு இழக்கிற நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பவுடர். போனுக்கும் மிக்சிக்கும் பக்கம் பக்கமாக ரிவியூ எழுதுகிறார்கள், இதற்கு ஒருவரும் எழுதக் காணோம்.

ஒரு பாக்கெட் 20.5 கிராம். உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, மீதி சிட்ரேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இந்த அளவு. மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

வேலை செய்கிறதா? 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 விடிவதற்குள் தென்பெண்ணையின் மேலே உள்ள சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். கரையோர ஜனம் தூக்கக் கலக்கத்திலேயே பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. முகாமுக்கு ரொட்டி வந்தது, பாய் வந்தது, சேலைகூட வந்தது. கைப்பம்பு முங்கிக் கிடந்தது, கக்கூஸ் நிரம்பி வழிந்தது. அப்புறம் என்ன, பிள்ளைகளுக்குப் பேதிதான். பெரியவர்கள் ஒரு நாள் தாங்குவார்கள். கைக்குழந்தை சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும். அதுவும் ஏற்கெனவே எடை குறைவு என்று பதிவேட்டில் குறித்து வைத்த குழந்தை என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊரில் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள். ஆறு முதலில் ஏறுவதும் அவர்கள் குடிசைக்குத்தான்.

ஒரு ஆயா பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "வவுத்தால போவுது டீச்சர், தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று சொல்லி, குடிக்க எதுவும் தராமல் வைத்திருந்தார். பையனின் கண் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் இறங்கியது. ஓ.ஆர்.எஸ். கலந்து டம்ளரோடு கொடுத்ததை வாந்தி எடுத்தான். டீ ஸ்பூனில், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கொடுக்க ஆரம்பித்ததும் உள்ளே நின்றது. சாயங்காலம் மூத்திரம் போனான். ஆயாவுக்கு அதைவிட நல்ல சேதி இல்லை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் அதையும் நிறுத்தக் கூடாது.

இந்தப் பொருளே ஒரு முகாமில்தான் பேர் வாங்கியது. 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்காளத்துப் பன்காவ்னில் காலரா. ட்ரிப் பாட்டில் தீர்ந்துபோகவே டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்து டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டி இருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

சரி, குறைகள். முதலாவது அளவு. முகாமில் லிட்டர் அளக்க ஏது பாத்திரம்? கண்ணளவில் கலந்தால் உப்பு கூடிவிடும், அது குழந்தைக்கு ஆபத்து. கலந்ததை முதலில் நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. நிவாரணத்தில் வருகிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் எனக்குக் கைகொடுத்தது. பாதிப் பாக்கெட்டை மடித்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். ஈரக் காற்றில் பவுடர் கட்டி தட்டிவிடும். கலந்த தண்ணீர் 24 மணி நேரத்துக்குத்தான்.

இரண்டாவது எழுத்து. நான் பார்த்த பாக்கெட்டுகள் பலவற்றில் கலக்கும் முறை பொடி எழுத்து இங்கிலீஷில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்கிற பொருளில் நாலு வரி தமிழ் போட இடமில்லையா?

மூன்றாவது கடைக்காரர். ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஆரஞ்சு படம் போட்ட டெட்ரா பேக்கை நீட்டுவார். பல மடங்கு சர்க்கரை சேர்ந்த ஜூஸ் அது, பேதி இன்னும் கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அப்படிப்பட்ட பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பழைய ஸ்டாக் எங்கே ஒளிந்திருக்கிறதோ!

சுவை சுமார்தான். எலுமிச்சை வாசனை உள்ளதைப் பிள்ளைகள் கொஞ்சம் குடிக்கிறார்கள். ஐந்துக்கு நாலரை தருவேன், அரை மார்க் அந்தப் பொடி எழுத்துக்குக் கழித்தது. மழைக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக 2024இல் அரசு அறிவித்துவிட்டது, சித்திரை வெயிலிலும் இது தேவைப்படும்.

வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பிள்ளை உள்ள வீட்டுக்கு நாலு பாக்கெட், கூடவே டாக்டர் சொல்கிற ஜிங்க் மாத்திரை. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு வையுங்கள், ஓடும்போது முதலில் கையில் எடுப்பது அதைத்தானே.