மூன்று உயரம் தரும் மரப்பெட்டி: எல்க் வேட்டைப் பயிற்சிக்குச் சரிவருமா?

கொலராடோ மலைகளில் 9,000 அடிக்கு மேல் எல்க் மானைத் தேடி ஏறப் போகிறவர்களுக்கு, ஏறி இறங்கிப் பயிற்சி செய்ய, ஜிம்களுக்கென விற்கும் ஒட்டுப்பலகைப் பெட்டி உண்மையிலேயே நல்ல முதலீடு. ஒரே பெட்டியைப் பக்கம் மாற்றி வைத்தால் 20, 24, 30 அங்குல உயரம் கிடைக்கும். ஆனால் 30 அங்குலப் பக்கம் சுமையோடு ஏற ஆகாது. இடுப்பு வளைந்து, கீழே நிற்கும் கால் உந்தித் தள்ளிவிடும். தொடைக்கு வேலை குறைந்துவிடும். 20 அங்குலமும் பலருக்கு அதிகம்தான். பெட்டிக்கு முன்னால் 4 அங்குல உயரத்தில் அசையாத பலகை மேடை போட்டால் ஏற வேண்டிய உயரம் 16 அங்குலம் ஆகிவிடும்.

முதுகுப்பையில் 10 கிலோ மணலில் தொடங்கி, வாரம் 2 கிலோ கூட்டுங்கள். மணல்மூட்டை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி இருக்கட்டும். இறங்குவதற்கு மூன்று விநாடி எடுங்கள். இறைச்சியைச் சுமந்து இறங்கும்போதுதான் தொடை நடுங்கும், முட்டி வலிக்கும். அதற்கான பயிற்சி இந்த மெதுவான இறக்கம்தான்.

மேற்பரப்பு வியர்வையில் வழுக்கும், சொரசொரப்பு டேப் ஒட்டுங்கள். திருகுகளை மாதம் ஒருமுறை முறுக்குங்கள். பக்கச்சரிவில் கணுக்கால் பிசகாமல் இருக்க இந்தப் பெட்டிப் பயிற்சி உதவாது. அதற்குக் கரடுமுரடான மேட்டில்தான் நடக்க வேண்டும்.