ஓடையில் எத்தனை மீன்? ஷாக்கா, வலையா, தூண்டில் கணக்கா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்கி நடக்கக்கூடிய வெதுநீர் (குளிர்ச்சி இல்லாத) ஓடையில் என்ன மீன், என்ன அளவில் இருக்கிறது என்று தூண்டில்காரருக்குத் தெரிய வேண்டுமானால், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடித்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் அதுவும் பொய் சொல்லும்.

முதுகில் பேட்டரி, கையில் வளையம் வைத்த கோல். நேர்மின்சாரம் (டிசி) பாய்ந்ததும் மீன் விலகி ஓடாது, தன்னையறியாமல் வளையத்தை நோக்கியே நீந்தி வந்து மயங்கும். கூட வருபவர் கைவலையில் அள்ளி வாளியில் போட்டு, அளந்து, தெளிந்ததும் விட்டுவிடுவார். (பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது.) வேரடியில் பதுங்கிய பாஸ் மீனைக்கூட (தூண்டில்காரர்கள் தேடும் நன்னீர் வேட்டை மீன்) வெளியே வரவைக்கும். சிக்கல் எங்கே என்றால், மீன் நீளமாக இருந்தால் தலைக்கும் வாலுக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் அதிகம், அதனால் பெரியது சுலபமாக மாட்டும், விரல் நீளக் குஞ்சு தப்பிவிடும். உப்புச்சத்து குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, கலங்கல் தண்ணீரில் மயங்கிய மீன் கண்ணில் படாமலே அடியில் போய்விடும். கெளுத்தி இன்னொரு தினுசு: மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகவும் பாய்ச்சலாம், வினாடிக்கு 60 துடிப்பில் சரியாக மாட்டாத சில பெரிய கெளுத்தி வகைகள், 15 அளவுக்குக் குறைத்தால் மேலே எழும்பி வரும். துடிப்பு கூடக் கூட முதுகெலும்பு அடிபடும் அபாயமும் கூடும்.

இருவர் இருபக்கமும் பிடித்து இழுக்கும் வலைக்கு மணல் தரை வேண்டும். ஒரு வேர்க்கட்டை மாட்டி அடிக்கயிறு தூக்கிக்கொண்டால் போச்சு, பாதி மீன் அந்தச் சந்தில் கிளம்பிவிடும், பெரிய பாஸ்தான் முதலில். ஆனால் இந்த வருஷம் எவ்வளவு குஞ்சு பிழைத்தது என்று பார்க்க நான் இதைத்தான் நம்புவேன்.

மீன் உதிர்த்த டிஎன்ஏவைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்ப்பது, ஒரு இனம் இருக்கிறதா என்று கேட்க நல்லது. எந்த அளவு மீன் என்றால் பதில் வராது, ஓடையின் மேல்பக்கத்திலிருந்து அடித்து வந்த டிஎன்ஏவாகவும் இருக்கலாம்.

தூண்டில்காரர்களிடமே கேட்டு எழுதும் கணக்கு? கடித்த மீன் மட்டும்தான் அதில் வரும், அதுவும் பிடித்தவர் கைவாகைப் பொறுத்தது. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று சீசன் முழுக்க எழுதிவைத்தால், மீன் குறைகிறதா என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரே முறை ஷாக் அடித்து வந்த 60 மீனை ‘மொத்தம் 60’ என்று படிக்காதீர்கள். இரு முனையிலும் தடுப்பு வலை கட்டி, பிடித்ததை வெளியே வைத்துக்கொண்டு, அதே முயற்சியில் மறுபடி போனால் 30, மூன்றாவது தடவை 15 என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு தடவையும் மிச்சமிருப்பதில் பாதி மாட்டுகிறது, ஆக அந்த ஓடைத் துண்டில் முதலில் இருந்தது சுமார் 120. மீன் கணக்கெடுப்பு அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது, எத்தனை தடவை போனார்கள் என்பதைத்தான்.