1200-ஆ, 1500-ஆ? ஒரு வாரக் கணக்குதான் எனக்குப் பதில் சொன்னது

எடை குறைக்க ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி என்று ஒரு பெண் கேட்டால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது 1200. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டு மாதம் அதில் இருந்தேன். பிறகு 1500-க்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. நான் 1500 பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயது 36, உயரம் 158 செ.மீ., ஆரம்ப எடை 74 கிலோ. உடம்பின் கலோரிச் செலவைக் கணக்கிட 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரத்தில் எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, பெண்கள் கடைசியில் இன்னொரு 161 கழிக்க வேண்டும். எனக்கு 1387 வந்தது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கிற அளவு அது. தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடிக்கு மெட்ரோ, இரண்டு பக்கமும் நடை, வீட்டு வேலை என்று இருப்பதால் 1.375-ஆல் பெருக்கினேன், சுமார் 1900. அதில் 400 குறைத்தால் 1500. இங்கே ஒன்று கவனியுங்கள், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கான 1.2-ஐப் போட்டிருந்தால் 240 கலோரி குறைந்திருக்கும். அதனால் சூத்திரம் தரும் எண்ணை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, நான்கு வார எடையைப் பார்த்துத் திருத்துவதுதான் சரி.

1200-ல் முதல் பத்து நாள் எடை சரசரவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது கரையும்போது இதுவும் போய்விடும்.

ஆனால் என் முடிவை மாற்றியது வார இறுதி. திங்கள் முதல் வெள்ளி வரை 1200-ஐ ஒழுங்காகக் காப்பாற்றுவேன். சனிக்கிழமை வேலை முடிந்து செகண்ட் லைன் பீச் பக்கம் வந்தால், வறுத்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் மணக்க அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கலந்துகொண்டிருப்பார்கள். ஐந்து நாள் பசியோடு அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை, கூடவே இரண்டு முட்டை மசாலா. ஞாயிறு காசிமேட்டு மீன் வீட்டுக்கு வரும், குழம்பு, வறுவல், இரண்டாவது முறை சோறு. அத்தை வேறு, “முகமே வாடிப்போச்சும்மா, நல்லா சாப்பிடு” என்பார். அந்த இரண்டு நாளும் தலா 2300 போல வந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். ஐந்து நாளுக்கு 6000, இரண்டு நாளுக்கு 4600, மொத்தம் 10,600. ஏழால் வகுத்தால் 1514!

அதாவது நான் சாப்பிட்டது 1500-தான், ஐந்து நாள் தலைவலியோடும் சிடுசிடுப்போடும். இரண்டு மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கியது. பிறகு தினமும் 1500 என்று வைத்துக்கொண்ட முதல் இரண்டு மாதத்திலும் அதே இரண்டரை கிலோ. குழந்தைகளிடம் எரிந்து விழாமல், மதியம் ஒரு கப் சோறும் சாப்பிட்டுக்கொண்டே குறைந்தது. ஞாயிறு மீன் இப்போதும் உண்டு, வறுவலுக்குப் பதில் குழம்பு மீன்.

1500-க்குள் நிற்க உதவியது எண்ணெய்க் கணக்கு. நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் நாலு லிட்டர் ஆகும். ஒரு லிட்டரில் 8000 கலோரிக்கு மேல், ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் தினம் 270 போல. இரண்டரை லிட்டராகக் குறைத்ததில் சோற்றைத் தொடாமலே நாளுக்கு 100 மிச்சம்.

கலோரி எண்ணாமல் பாதித் தட்டு காய்கறி என்று வைத்துச் சாப்பிடுகிற முறையும் இருக்கிறது. இரண்டு வாரம்தான் செய்து பார்த்தேன், அதனால் பெரிதாகச் சொல்ல முடியாது. எழுதிவைக்கப் பிடிக்காதவர்களுக்கு அது சுலபமாக இருக்கலாம். உயரமும் எடையும் குறைவாக உள்ளவர்களுக்கு 1500 அதிகமாகவும் இருக்கலாம், தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த அளவையும் குறைக்க வேண்டாம், சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து உண்டு.

இப்போது 66 கிலோ. எடை குறைந்ததால் என் அன்றாடச் செலவும் 110 கலோரி போல இறங்கியிருக்கிறது, முள் மெதுவாகத்தான் நகர்கிறது. 1400-க்குப் போக மனமில்லை. திரும்பும்போது ஒரு நிலையம் முன்னாலேயே தியாகராயா கல்லூரியில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறேன், மூன்று வாரமாக.