பூட்டா, வேவா, சல்லடையா? ஆபீஸ் இணையத்தில் மூன்றும் வைத்துப் பார்த்தேன்

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 24 பேர், கணக்கு மென்பொருளான டாலி ஓடும் ஒரு சர்வர், 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் ஒன்று. வேலை நேரத்தில் சொந்த இணையப் பயன்பாட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று மூன்று வருடமாக மூன்று வழிகளை வைத்துப் பார்த்தாயிற்று. முதலில் ஃபயர்வால் (ஆபீஸுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று தளங்களைத் தடுக்கும் சாதனம்) வாங்கிப் பூட்டினோம், அப்புறம் ஒரு மாதம் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கண்காணிப்பு மென்பொருள், இப்போது டிஎன்எஸ் சல்லடையும் (தளத்தின் பெயருக்கு முகவரி தேடும் இடத்திலேயே வேண்டாத தளங்களை வடிகட்டுவது) செல்போன்களுக்குத் தனி வைஃபையும். நான் மூன்றாவது வழியின் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதில் இறங்க வைத்தவை இரண்டு விஷயங்கள். ஒன்று, ஐபிஎல் நேரத்துச் சனிக்கிழமை. மூன்றரை மணி ஆட்டம் தொடங்கியதும் நாலைந்து பேர் ஆபீஸ் வைஃபையில் செல்போனை வைத்துப் பார்க்க ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வரித் தாக்கல் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று வைரஸ். பழைய பத்திரம் ஒன்றை பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற ஒரு பையன் ஏதோ தளத்திலிருந்து எதையோ இறக்கப்போய், சர்வரில் பாதி ஃபைல் பூட்டிக்கொண்டது. முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். அந்தப் பையன் செய்தது ஆபீஸ் வேலைதான், சொந்த வேலை இல்லை என்பதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆனது. வேலை நேரத்தில் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பதும், ஆபத்தான இடத்துக்குப் போகிறார்கள் என்பதும் வேறு வேறு பிரச்சினை. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் இரண்டும் குணமாகாது.

விலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஃபயர்வால் முதல் வருட உரிமத்தோடு 50,000 ரூபாயைத் தொட்டது, புதுப்பிக்க வருடா வருடம் ஏறக்குறைய அதில் பாதி. கண்காணிப்பு மென்பொருளுக்குத் தலைக்கு மாதம் 350 வீதம் 24 பேருக்கு 8,400. இப்போதுள்ள ஏற்பாட்டுக்கு ஒரு மைக்ரோடிக் ரவுட்டரும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றும் சேர்த்து 15,000-க்குள் முடிந்தது, மாதச் சந்தா இல்லை. ஆனால் விலைக்காக மட்டும் யாரும் முடிவெடுக்க வேண்டாம். நான் மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. எந்தச் சாதனமும் வாங்குகிற அன்று நன்றாகத்தான் இருக்கும். அதோடு தினமும் மல்லுக்கட்டப் போகிறவர் யார் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஃபயர்வாலையே எடுத்துக்கொள்வோம். சமூக வலைத்தளம், வீடியோ, ஷாப்பிங், கோப்புப் பகிர்வு என்று வகை வகையாக டிக் போட்டு மூடினோம். அடுத்த நாளே விலக்குக் கேட்டு வரிசை நின்றது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் மஞ்சள் மண்டிக்காரர்கள், ஜவுளி வியாபாரிகள். அவர்கள் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள், அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் நாம் சொல்ல முடியாது. ஆகவே வாட்ஸ்அப் வெப் திறக்க வேண்டியதாயிற்று. பெரிய வியாபாரிகள் கூகுள் டிரைவில் வங்கி ஸ்டேட்மென்ட் வைப்பார்கள், அதையும் திறந்தோம். ஜிஎஸ்டியில் ஒரு படிவம் மாறினால் எங்கள் பிள்ளைகள் அதை யூடியூபில் பார்த்துத்தான் கற்கிறார்கள். யூடியூபை அரைகுறையாகத் திறக்க வழியில்லை. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் மறையாக்கம் செய்து அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ் என்பதால் ஃபயர்வாலுக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், உள்ளே பார்ப்பது ஜிஎஸ்டி விளக்கமா சினிமா டிரெய்லரா என்று தெரியாது.

உள்ளேயும் பார்க்க வேண்டுமானால் மறையாக்கத்தை நடுவில் பிரித்துப் படிக்கச் சொல்லலாம். அதற்கு ஃபயர்வாலின் சான்றிதழை ஒவ்வொரு சிஸ்டத்திலும் நிறுவ வேண்டும். அதையும் செய்தோம். வங்கித் தளங்கள் முரண்டு பிடித்தன, ஒவ்வொரு வங்கியையும் தனியாக விலக்கில் சேர்த்தோம். டிஜிட்டல் கையெழுத்து போடும் மென்பொருள் சிஸ்டத்துக்குள்ளேயே ஓடி உலாவியோடு பேசுகிற வகை, அது ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. ஒரு போர்ட்டல் திறந்தாலும் அதன் கேப்ட்சா படம் வேறு முகவரியிலிருந்து வரும், அந்த முகவரி மூடியிருக்கும். ஆறு மாதத்தில் விலக்குப் பட்டியல் 140 வரிகளைத் தாண்டியது. எந்த வரி எதற்காகச் சேர்த்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை, அதனால் எதையும் எடுக்கவும் பயம்.

எல்லாவற்றுக்கும் உச்சம் ஒரு மாதத்தின் 11-ஆம் தேதி நடந்தது. மாத விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் அது. மாலை 5 மணிக்கு எல்லாத் தளமும் மூடிக்கொண்டது. உரிமம் அன்றோடு காலாவதி, தளத்தின் வகை என்ன என்று ஃபயர்வால் கேட்டால் பதில் வரவில்லை, பதில் வராவிட்டால் மூடு என்று நிறுவியவர் அமைத்துவிட்டுப் போயிருந்தார். நிர்வாகக் கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான், அவர் போனை எடுக்கவில்லை. எல்லோரும் தங்கள் செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, சொந்த டேட்டாவில், இரவு 11 மணி வரை உட்கார்ந்து ரிட்டர்ன் ஃபைல் செய்தார்கள். 2016-இல் ஜியோ வந்ததிலிருந்து எல்லார் பையிலும் ஓர் இணைய இணைப்பு இருக்கிறது, நான் பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே தலைக்கொரு கதவு திறந்துகிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, பூட்ட வேண்டாம், பார்த்தால் போதும் என்று அடுத்து கண்காணிப்பு மென்பொருளுக்கு வந்தோம். இதன் சுமை வேறு மாதிரி. 5 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். ஒருவருக்கு 8 மணி நேரத்தில் 96 படம், 24 பேருக்கு ஒரு நாளைக்கு 2,304. படத்துக்கு 2 விநாடி ஒதுக்கினாலும் தினமும் ஒன்றேகால் மணி நேரம் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான்தான் பார்த்தேன். நாலாம் நாள், எங்கள் ஆபீஸில் பல வருடமாக இருக்கும் ஒரு பெண்ணின் படத்தில் அவர் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று மதியம் "சார், நாளைக்கு அரை நாள் லீவு வேணும்" என்று கேட்டு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. தெரிந்துகொள்ளக் கூடாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, தெரியாததுபோல நின்றேன்.

மென்பொருள் தரும் மதிப்பெண்ணும் எங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை. கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் அவர் சும்மா இருப்பதாகக் கணக்கு. ஆனால் தணிக்கையில் பாதி வேலை காகிதத்தில். வவுச்சர் கட்டை மடியில் வைத்துப் புரட்டி ஒவ்வொன்றாக டிக் அடிக்கிற ஆர்டிக்கிள் பையன்தான் (சி.ஏ. படிப்புக்காகப் பயிற்சியில் இருப்பவன்) அந்த மாதம் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கினான். மூன்றாம் வாரத்தில் பிள்ளைகள் பில்லைப் புரட்டும்போதே நடு நடுவே மவுஸை ஆட்டக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-இல் கீபோர்டு அசைவைப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துப் பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. அவ்வளவு பெரிய வங்கிக்கே இந்தத் தலைவலி என்றால் நாங்கள் எம்மாத்திரம்.

இதைவிடப் பெரிய பராமரிப்பு, அந்தப் படங்களைக் காப்பது. எங்கள் திரையில் ஓடுவது பிறருடைய கணக்கு. வாடிக்கையாளரின் வங்கி இருப்பு, பான் எண், சில நேரம் கடவுச்சொல் வரை அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளில் விழுந்து, மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் போய் உட்கார்ந்திருந்தன. வாடிக்கையாளர் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியாருக்குத் தெரியப்படுத்துவது 1949 பட்டயக் கணக்காளர் சட்டத்திலேயே தொழில் ஒழுங்கு மீறல். எங்கள் ஆடிட்டர் சாரிடம் இதைச் சொன்னதும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை சார்ந்த நோக்கத்துக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் பணியாளர் தரவைக் கையாள இடம் கொடுக்கிறது, ஆனால் கையில் வைத்திருக்கும் தரவைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சேர்க்காத படத்தைக் காக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். ருமேனியாவில் பார்புலெஸ்கு என்ற விற்பனைப் பொறியாளரின் யாஹூ மெசஞ்சர் உரையாடலை 2007 ஜூலையில் அவர் நிறுவனம் ஒரு வாரத்துக்கும் மேல் பதிவு செய்து, சொந்த விஷயம் பேசினார் என்று வேலையை விட்டு நீக்கியது. பதிவானவற்றில் அவர் சகோதரரோடும், மணக்க இருந்த பெண்ணோடும் பேசியவையும் இருந்தன. சொந்தப் பயன்பாட்டுக்குத் தடை என்று அங்கே விதி இருந்தது உண்மை. ஆனாலும் 2017 செப்டம்பர் 5 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அவருடைய அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்று 11-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்று முன்கூட்டியே சொன்னார்களா, அவ்வளவு தூரம் போக அவசியம் இருந்ததா என்பவை அந்த நீதிமன்றம் கேட்ட கேள்விகள். அதற்குச் சரியாக 12 நாள் முன்புதான் நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. ஐரோப்பியத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இப்போது வைத்திருப்பது இதுதான். ராஸ்பெரி பையில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் சல்லடை மென்பொருள் ஓடுகிறது, அது வெளியே கேட்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்ற டிஎன்எஸ் முகவரியை. வைரஸ் போன்ற தீம்பொருள் பரப்பும் தளங்களுக்கும் ஆபாசத் தளங்களுக்கும் அங்கேயே பதில் கிடைக்காது. அதற்கு மேல் சூதாட்டத் தளங்கள், திருட்டுப் பட தளங்கள் என்று நாங்கள் சேர்த்தது 30 வரிகூட இல்லை. யூடியூப், வாட்ஸ்அப், ஷாப்பிங் எல்லாம் திறந்தே இருக்கின்றன. உலாவியில் செக்யூர் டிஎன்எஸ் என்ற தேர்வை மாற்றி இந்தச் சல்லடையைத் தாண்டலாம், அதை ஆபீஸ் சிஸ்டங்களில் அணைத்து வைத்திருக்கிறோம். செல்போன்களுக்குத் தனி வைஃபை. அது சர்வர் இருக்கும் பக்கம் எட்டவே எட்டாது, மொத்தமாக 10 எம்பிபிஎஸ்-க்கு மேல் இழுக்கவும் முடியாது. ஐபிஎல் சனிக்கிழமைப் பிரச்சினையை அந்த ஒரு வேகக் கட்டுப்பாடே தீர்த்துவிட்டது. பார்க்கிறவர் பார்க்கட்டும், படம் நின்று நின்று ஓடும், போர்ட்டல் ஓடும்.

பை-ஹோல் எந்தச் சிஸ்டம் எந்தத் தளத்தைக் கேட்டது என்று தானாகவே எழுதி வைக்கும். வேவு வேண்டாம் என்று வந்துவிட்டு இதை அப்படியே விட்டால் பின்வாசல் வழியாக அதையே கொண்டுவந்ததாகும். அதன் தனியுரிமை நிலையை உச்சத்தில் வைத்துவிட்டால் யார் கேட்டது, எதைக் கேட்டது இரண்டையும் வைத்துக்கொள்ளாது. ஏதாவது தளம் திறக்கவில்லை என்றால் பத்து நிமிடம் அதைத் தளர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றிவிடுவோம், தளர்த்தும்போது ஆபீஸில் சத்தமாகச் சொல்லிவிடுவேன். இதுதான் மொத்தப் பராமரிப்பும். போன மாதம் நான் இதற்காகச் செலவிட்டது அரை மணி நேரம் இருக்கும். கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறது, ஒரு நோட்டிலும் எழுதி பீரோவில் வைத்திருக்கிறது.

வேலை நேரத்தில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இருக்கிறவரை இந்த ஏற்பாடு தடுக்காது. அவரை ஃபயர்வாலும் தடுக்கவில்லை, செல்போனில்தானே பார்க்கிறார். அப்படி ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு வாரத்துக்கு எத்தனை கோப்பு என்று எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை உட்கார்ந்து பேசினோம். இரண்டு மாதம் ஆனது, இப்போது பரவாயில்லை.

எங்கள் அனுபவம் 24 பேருக்கானது, அதுவும் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்த ஆபீஸ். கார்டு எண்களைக் கையாளும் கால் சென்டர், மூன்று ஷிஃப்ட் ஓடும் பெரிய நிறுவனம் என்றால் கண்டிப்பான பூட்டு தேவைப்படலாம், அங்கே அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் இருப்பார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் விஷயத்திலும் என் அனுபவம் குறைவு. எங்களிடம் அப்படி இரண்டு பேர்தான். ஆபீஸ் சல்லடை அவர்கள் வீட்டுக்கு வராது என்பதால் லேப்டாப்பில் 1.1.1.2 போட்டுக் கொடுத்திருக்கிறோம், அது தீம்பொருளை மட்டும் தடுக்கும். அது போதுமா என்பதை செப்டம்பர் 30, தணிக்கை அறிக்கைத் தேதி முடிந்த பிறகு அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.