கோ.இசட்.ஏ. பெயரை வாங்கும் முன்: சி.ஐ.பி.சி. வணிகக்குறித் தேடல் சேவை, ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவில் ‘.co.za’ என்று முடியும் இணையப் பெயர்களை, அதாவது கோ.இசட்.ஏ. பெயர்களை, விற்கும் தளங்களில் நாம் விரும்பும் பெயரை உள்ளிட்டதும் ‘கிடைக்கிறது’ என்ற பதில் வருகிறது. அதே எழுத்துக் கோவையை வேறு எவரும் அதுவரை பதிவு செய்யவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிலுக்குப் பொருள் எதுவும் இல்லை. அப்பெயரை வணிகத்தில் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டா என்பதை விற்பவர் பார்ப்பதும் இல்லை, பார்க்கும் கடமையும் அவருக்கு இல்லை. ஆகவே டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பணம் கட்டுவதற்கு முன், நிறுவனங்கள் மற்றும் அறிவுசார் சொத்து ஆணையம், அதாவது நாம் சி.ஐ.பி.சி. என்று அழைக்கும் அமைப்பு, இணையத்தில் வழங்கும் வணிகக்குறி (டிரேட்மார்க்) தேடலைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் குடும்பம் நடத்தும் மசாலாக் கடைக்கு இணையப் பெயர் தேர்ந்தெடுத்தபோது நான் முதலில் நாடியது அதைத்தான்.

வாடிக்கையாளராகப் பதிவு செய்துகொண்டு உள்ளே நுழைந்தால், ஒரு குறியின் உரிமையாளர், விண்ணப்ப நாள், பொருள் வகுப்பு, தற்போதைய நிலை ஆகியவற்றைக் காணலாம். இவற்றுள் வகுப்பு என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். உலகெங்கும் வழங்கும் நீஸ் வகைப்பாட்டின்படி பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாத் தூளும் அரிசியும் தேயிலையும் 30ஆம் வகுப்பில் வரும். உணவகமும் விருந்துச் சமையலும் 43ஆம் வகுப்பில் வரும். கடை நடத்தும் சேவை 35ஆம் வகுப்பில் வரும். நம்மவர் கடைகள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் தூளும் விற்று, பகலில் பன்னி சௌவும் (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய உணவு) விற்பவை என்பதால், ஒரு வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைவது போதாது. 1993ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பதிவான குறியையோ அதை ஒத்த குறியையோ, பதிவான பொருளைப் போன்ற வேறு பொருளுக்குப் பயன்படுத்தினாலும் குழப்பம் நேருமானால் அது மீறலே என்கிறது. நன்கறியப்பட்ட குறியாக இருந்தால், பொருள் முற்றிலும் வேறாக இருந்தாலும் அக்குறியின் பெயர்ப்புகழுக்கு ஊறு செய்வதைத் தடுக்கிறது.

தேடலில் ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் உள்ளிடுவதால் பயன் குறைவு. லட்சுமி என்ற பெயரை இந்த நாட்டில் எல், ஏ, கே என்று தொடங்கி எழுதுவோரும் உண்டு. எல், யூ, எக்ஸ் என்று தொடங்கி எழுதுவோரும் உண்டு. பிள்ளை, நாயுடு, கவுண்டர் முதலிய பெயர்களும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரின் பெயர்களைக் குறித்த எழுத்தர்களின் கையில் பலவிதமாக மாறியவை. நீதிமன்றமோ எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு வண்ணப்பூச்சுக் கம்பெனிகளுக்கு இடையிலான 1984ஆம் ஆண்டின் பிளாஸ்கான்-எவன்ஸ் வழக்கில், குறிகளின் தோற்றம், ஒலி, பொருள் மூன்றையும் ஒப்பிட வேண்டும் என்றும், முதல் குறியை ஓரளவே நினைவில் வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார்கள். ஆகையால் ஒரு பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் உள்ளிட்டுத் தேடுங்கள். அந்த உழைப்பை வேறெதுவும் ஈடுசெய்யாது. தன் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவோருக்குச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த நேர்மையை நிறுவ வேண்டிய நிலைக்கே வராமல் இருப்பது நல்லது.

இந்தச் சேவைக்கு எல்லைகள் உண்டு, அவை எந்தப் பதிவேட்டுக்கும் உரியவை. பதிவு செய்யாமலே பல ஆண்டுகள் வணிகம் செய்து நற்பெயர் ஈட்டிய கடையின் பெயர் அதில் தோன்றாது. ஆனால் அந்தக் கடைக்காரர், நம் கடையைத் தம் கடை என்று வாடிக்கையாளரை நாம் நம்பச் செய்வதாகக் கூறிப் பொதுச் சட்டத்தின்படி வழக்குத் தொடரலாம். டாங்காட்டிலோ வெருலத்திலோ பாட்டன் காலத்திலிருந்து நடக்கும் ஒரு கடையின் பெயர் பதிவேட்டில் இல்லை என்பதால் அது உரிமையற்ற பெயர் ஆகிவிடாது. எனவே தெருவில் நடந்தும், பெரியவர்களைக் கேட்டும், தொலைபேசி ஏடுகளைப் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டியவை தனியே இருக்கின்றன. வெளிநாட்டுப் பெயர்களிலும் இதே கவனம் தேவை. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1968 முதல் இங்கே தன் குறிகளைப் பதிவு செய்திருந்தும் நெடுங்காலம் கடை திறக்கவில்லை. அதைக் காட்டி உள்ளூர் நிறுவனம் ஒன்று அப்பெயரைத் தனதாக்க முயன்றபோது, 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நன்கறியப்பட்ட குறிகளைக் காக்கும் 35ஆம் பிரிவின் துணையோடு மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் புகழ்பெற்ற மசாலா அல்லது உணவகப் பெயரை ‘இங்கேதான் கடை இல்லையே’ என்று எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும்.

சி.ஐ.பி.சி.யிலேயே நிறுவனப் பெயரை ஒதுக்கிவைக்கும் சேவையும் உள்ளது. ஐம்பது ராண்டு கட்டினால் பெயர் ஆறு மாதத்துக்கு ஒதுக்கப்படும். அந்த ஒப்புதலை வணிகக்குறி உரிமை என்று எண்ணுவோர் நம்மிடையே ஏராளம். இரண்டும் வெவ்வேறு பதிவேடுகள்.

பெயர் விற்ற தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு என் மதிப்பெண் குறைவு. நாங்கள் முதலில் கேட்ட பெயர் எடுக்கப்பட்டிருந்ததால் அது தானாகவே மாற்றுப் பட்டியல் ஒன்றைக் காட்டியது. அந்தப் பட்டியலில், பெரிய மசாலா நிறுவனம் ஒன்றின் பெயரோடு ஒரு சிறு கோட்டையும் ‘டர்பன்’ என்ற சொல்லையும் சேர்த்த பெயர்கள் இருந்தன. எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. அனுபவமற்ற ஒருவர் அதை வாங்கியிருந்தால் வழக்கறிஞரின் கடிதத்தை விலை கொடுத்து வாங்கியதாகத்தான் ஆகியிருக்கும்.

அப்படி ஒரு புகார் எழுந்தால், கோ.இசட்.ஏ. பெயர்களுக்கு 2006ஆம் ஆண்டின் மாற்றுத் தகராறுத் தீர்வு விதிகள் பொருந்தும். பெயர் தம் உரிமையிலுள்ள குறியை ஒத்தது என்பதையும், நம் கையில் அது முறைகேடான பதிவு என்பதையும் புகார்தாரர் காட்ட வேண்டும். விற்றுப் பணம் பார்க்கவோ, உரியவரைத் தடுக்கவோ, அவர் வணிகத்தைக் குலைக்கவோ பெயரை எடுத்திருந்தால் அது முறைகேடு. மாறாக, புகாரை அறியும் முன்பே நல்லெண்ணத்தோடு வணிகம் நடத்தியிருந்தாலும், பொருளை விவரிக்கும் பொதுச் சொல்லாகவே பெயர் இருந்தாலும் நமக்குத் தற்காப்பு உண்டு. இந்த விதிகளில் ‘உரிமை’ என்பது வணிகத்தோடு நிற்காமல் பண்பாடு, மொழி, சமயம் சார்ந்த உரிமைகளையும் உள்ளடக்குவதால், கோயில் அல்லது தமிழ்ச் சங்கத்தின் பெயரைத் தனிமனிதர் எவரும் தம் பெயரில் பதிவு செய்து வைத்திருப்பதும் கேள்விக்கு உள்ளாகலாம். தென்னாப்பிரிக்க அறிவுசார் சொத்துச் சட்ட நிறுவனத்தில் ஒரே தீர்ப்பாளரிடம் புகார் செய்யக் கட்டணம் 10,000 ராண்டு. தோற்றால் பெயர் கைமாறிவிடும். அச்சிட்ட பைகளும் பலகைகளும் வீண்.

இதற்கு எதிரே, ஒரு வகுப்புக்கு வணிகக்குறி விண்ணப்பக் கட்டணம் 590 ராண்டுதான். ஏற்கப்பட்ட விண்ணப்பம் சி.ஐ.பி.சி.யின் அதிகாரபூர்வ இதழான பேட்டண்ட் ஜர்னலில் வெளியாகும். மூன்று மாதங்களுக்குள் எவரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும். பதிவு 10 ஆண்டுகள் நிற்கும், புதுப்பிக்கலாம். தேடலில் ஒலியால் நெருங்கிய குறி ஒன்றாவது தென்பட்டால் அங்கே நிறுத்தி, வணிகக்குறி வழக்கறிஞரிடம் எழுத்து வடிவில் கருத்துக் கேளுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது. எதுவும் தென்படாவிட்டால், இணையப் பெயரை வாங்கும் அன்றே 30ஆம், 43ஆம் வகுப்புகளில் விண்ணப்பத்தையும் தாக்கல் செய்துவிடுங்கள், ஏனெனில் உரிமை விண்ணப்ப நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.