பங்கு மண்டபத்தில் வளர்ந்தோருக்கான மறைக்கல்வி

யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் வெள்ளி மாலை 6 மணிக்கு நடக்கும் இந்த மறைக்கல்வி வகுப்பை நம்பிப் போகலாம். வரும் ஞாயிறின் நற்செய்தியையே எடுக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ வகுத்த நான்கு படிகள்தான் முறை: வாசிப்பு, தியானம், செபம், இறைவன் முன் ஆழ்ந்த அமைதி. பகுதி பத்துப் பன்னிரண்டு வசனத்தைத் தாண்டாது. இரண்டு குரலில், இரண்டு தரம், ஆறுதலாக வாசிக்கிறார்கள். பிறகு 5 நிமிட மௌனம். பல இடங்களில் எல்லாம் குலைவது இந்த இடத்தில்தான். மௌனம் நீண்டால் நடத்துபவர் பதறிப் பிரசங்கம் தொடங்கிவிடுவார். வந்தவர்கள் வாய்மூடிக் கேட்பவர்களாகிவிடுவார்கள். இங்கே அப்படி நடப்பதில்லை, அதுவே பெரிய காரியம். எட்டுப் பேர் வட்டமாக இருப்பார்கள். ஒருவர் பகிர்ந்ததை மற்றவர் திருத்துவதில்லை.

நேரம்தான் பிழை. இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர்கள் வரமுடியாது. வட்டத்தில் அம்மாமாரே அதிகம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இன்னொரு வட்டம் கட்டாயம் வேண்டும். திருமுழுக்குக்கு ஆயத்தமாகும் வளர்ந்தோரையும் இதிலேயே இருத்துவது சரியல்ல. வளர்ந்தோரைத் திருச்சபையில் சேர்ப்பதற்காக 1972இல் வெளியான புகுமுகச் சடங்குமுறை அவர்களுக்கெனத் தனிப் படிநிலைகளை வகுத்திருக்கிறது. திருச்சபை நம்புவதைச் சுருக்கிச் சொல்லும் விசுவாச அறிக்கையை அவர்கள் அடியிலிருந்து படிக்கவேண்டும்.

கட்டணம் இல்லை. திருவிவிலியமும் ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள்.