செல்டாவா க்ரோனோ ட்ரிக்கரா, மழைக்கு எது?

கூடலூர்ல ஜூன் மழை புடிச்சுருச்சுன்னா வெளிய தல காட்ட முடியாது, அப்ப நம்ம பசங்க பழைய கேம்ல எத ஆரம்பிக்கலாம்னு முழிக்கிறது இந்த ரெண்டுல தான். 1991ல வந்த செல்டா எ லிங்க் டு தி பாஸ்ட், 1995ல வந்த க்ரோனோ ட்ரிக்கர்.

புதிர்
செல்டா: கேமே புதிர் தான். கல்ல தள்ளு, விளக்க ஏத்து, விரிசல் விட்ட சுவர குண்டு வெச்சு ஒட. அதுலயும் இருட்டு உலகம், வெளிச்ச உலகம்னு இருக்கற ரெண்டுல, இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு தாண்ட வைக்கிற அந்த மாயக் கண்ணாடி! இருட்டு உலகத்துல சரியான எடத்துல நின்னு அத யூஸ் பண்ணா, வெளிச்ச உலகத்துல ஏறவே முடியாத மேட்டு மேல போய் நிப்பீங்க, ரெண்டு மேப்பையும் மனசுலயே ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு யோசிக்கணும், அவ்ளோ அழகு.
க்ரோனோ: கொஞ்சம் தான், ஈசி.

ஆர்பிஜியா? (ரோல் பிளேயிங் கேம், ஒரு பாத்திரமாவே மாறி ஆடுறது)
செல்டா: என்னைக் கேட்டா இல்ல. எத்தன பேர அடிச்சாலும் லெவல் ஏத்துற எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் கெடையாது, இதயமும் (உயிர் அளவு) பொருளும் கெடைச்சா தான் பலம்.
க்ரோனோ: லெவல், மூணு பேர் டீம் எல்லாம் உண்டு. ஆனா லெவல விட முக்கியம் வேற, ஆரம்பத்துல திருவிழால அடுத்தவர் சாப்பாட்ட எடுத்து தின்னீங்கன்னா அப்புறம் கோர்ட்ல சாட்சி வந்து நிக்கும், நீங்க எப்படி நடந்துக்கிட்டீங்கன்னு கேம் ஞாபகம் வெச்சுக்குது, எனக்கு ஆர்பிஜின்னா அது தான்.

சேவ்
செல்டா: எங்க வேணாலும், ஆனா நின்ன எடத்துலயே திரும்ப ஆரம்பிக்காது.
க்ரோனோ: பெரிய மேப்ல, இல்லனா சேவ் பாயிண்ட்ல.

மொபைல் மட்டும் இருக்குன்னா க்ரோனோ, அதுல ஒரு தடவ காசு கட்டி வாங்கிக்கலாம். வீட்ல நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் இருந்து, கூட தம்பி தங்கச்சியும் உக்காந்து யோசிக்கணும்னா செல்டா, அதுல படிக்க வேண்டிய வசனமும் கம்மி.